ஐம்பது எண்கள்
ரோடா நிறுவனத்தின் ஆயுதப் பதிவேடும் அது விட்டுச் சென்ற வரலாறும்

ஆவணம் சான்று பகரும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. மணப்பந்தலில் சுந்தரர் சினங்கொண்டு கிழித்தெறிந்த ஓலை வெறும் படியோலை. மூல ஓலையோ திருவெண்ணெய்நல்லூர் அவையில்தான் வெளிப்பட்டது. அவையோர் அதனைக் கண்ட அளவில் முடிவு கூறிவிடவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டு நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. ஓர் ஆவணத்தின் மெய்ம்மையை மற்றோர் ஆவணத்தால் அறிதல் என்னும் நெறி அவ்வளவு பழைமையானது.

அந்நெறி முற்றிலும் வேறான ஒரு களத்தில் செயற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. களம் கல்கத்தா நகரம். ஆண்டு 1914. ஆவணமோ, துப்பாக்கி விற்க உரிமம் பெற்ற வணிக நிறுவனம் ஒன்றின் பதிவேடு. விடுதலைப் போராட்ட வரலாற்றில் 'ரோடா ஆயுதக் கொள்ளை' என்னும் பெயரால் அறியப்படும் நிகழ்ச்சி, வீரச் செயலாகவே பெரிதும் பேசப்படுகிறது. அதனைப் பதிவேட்டின் பக்கமிருந்து நோக்குவார் சிலரே. அவ்வாறு நோக்கும்போது, வணிகன் எழுதி வைத்த சில எண்கள் வரலாற்றை எவ்வளவு தொலைவு இழுத்துச் சென்றன என்பது புலனாகும். அவ்வெண்களால் சொல்ல முடியாமற்போனவையும் புலனாகும்.

சட்டமும் பதிவேடும்

லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது, 1878ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, இந்திய மொழி இதழ்களின் வாயைக் கட்டிய தாய்மொழி இதழ்கள் சட்டம். மற்றொன்று, இந்தியர் கையிலிருந்த ஆயுதங்களைக் கணக்கிற்குள் கொணர்ந்த ஆயுதச் சட்டம். எழுதுகோலும் படைக்கலமும் ஒரே ஆண்டில் ஒரே அரசால் அஞ்சப்பட்டன என்பது எண்ணத்தக்கது. முன்னையது ரிப்பன் பிரபு காலத்தில் நீக்கப்பட்டது. பின்னையதோ, நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் நிலைத்திருந்தது.

இந்த ஆயுதச் சட்டம் உரிமம் இன்றி ஆயுதம் செய்தலையும் விற்றலையும் தடுத்தது. தம் சொந்தப் பயனுக்கென முறையாக வைத்திருந்த துப்பாக்கியை ஒருவர் மற்றொருவர்க்கு விற்றால், வாங்கியவர் பெயரையும் முகவரியையும் மாவட்ட நீதிபதிக்கோ, அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ காலந் தாழ்த்தாது அறிவிக்க வேண்டும் என்றது. உரிமம் பெற்ற வணிகர் தம் தொழிலுக்கு உரிய கணக்குகளை அரசு வகுக்கும் படிவத்தில் எழுதி வைக்கவும், அலுவலர் கேட்கும்போது காட்டவும் விதிகள் இயற்றும் அதிகாரத்தை அதன் 17ஆம் பிரிவு அரசுக்கு வழங்கியது. கிடங்கினுள் நுழைந்து சோதிக்கும் அதிகாரமும் அதில் அடங்கும். அக்கணக்கில் அறிந்தே பொய் எழுதுதல் 19ஆம் பிரிவின்படி குற்றமாயிற்று. அதற்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம்.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ண வேண்டும். துணி வணிகனின் பேரேடு அவனுக்கும் அவனுடைய கடன்காரர்க்கும் உரியது. அதில் பிழை நேர்ந்தால் இழப்பு அவனுடையது. துப்பாக்கி வணிகனின் பேரேடோ அரசின் கண். ஒவ்வொரு துப்பாக்கியும் எவரிடமிருந்து வந்தது, எவரிடம் சென்றது என்னும் இரு வினாக்களுக்கும் அது விடை கூறியாக வேண்டும். துணியை முழக்கணக்கில் எழுதலாம். நெல்லை மூட்டைக் கணக்கில் எழுதலாம். துப்பாக்கியை அவ்வாறு தொகையாக எழுதினால் போதாது. மனிதனுக்குப் பெயர்போலத் துப்பாக்கிக்கு அதன்மேல் பொறித்த எண். அந்த எண்ணே பதிவேட்டின் உயிர்.

சட்டம் எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஐரோப்பியர் போன்றோர்க்கு விதிவிலக்கு இருந்தது. இந்தியரை ஐயத்திற்குரியவராகவே நடத்திய இந்த இழிவை எதிர்த்து எழுந்த குரல்களுள் ஒன்று சென்னையில் ஒலித்தது. 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஒரு தலைமுறை கழிந்தபின், வேண்டுகோள் விடுக்க விரும்பாத இளைஞர்கள் வங்கத்தில் தோன்றினர்.

இருநூற்றிரண்டும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டும்

ஆர்.பி. ரோடா கம்பெனி கல்கத்தாவின் பெயர்பெற்ற துப்பாக்கி வணிக நிறுவனம். வெளிநாட்டிலிருந்து ஆயுதங்களை வருவித்து விற்பது அதன் தொழில். வான்சிட்டார்ட் ரோ என்னும் தெருவில் அதன் கிடங்கு இருந்தது. துறைமுகச் சுங்கச் சாவடியில் சரக்கை விடுவித்துக் கொணரும் பணி சிரீஷ் சந்திர மித்ரா என்னும் எழுத்தருக்கு உரியது. 'ஹாபு' என்பது அவருடைய வழக்குப் பெயர். முன்னரும் பலமுறை சரக்கை விடுவித்துக் கொணர்ந்தவர். நிறுவனத்தாரின் நம்பிக்கைக்கு உரியவர். அவர் புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்பதை நிறுவனம் அறியவில்லை.

1914 ஆகஸ்ட் 26, புதன்கிழமை. ஐரோப்பியப் போர் தொடங்கி மூன்று வாரமே ஆகியிருந்தது. அன்று அவர் சுங்கச் சாவடியில் விடுவித்த பெட்டிகள் 202. கிடங்கிற்கு வந்து சேர்ந்தவை 192. எஞ்சியவற்றைக் கொண்டுவருவதாகக் கூறிச் சென்றவர் திரும்பவே இல்லை. நிறுவனம் மூன்று நாள் காத்திருந்த பின்னரே காவல் துறைக்குச் செய்தி சென்றது.

வராத பத்துப் பெட்டிகளில் இருந்தவை 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் அவற்றுக்குரிய 46,000 தோட்டாக்களும் ஆகும். சரக்கை ஏற்றிச் சென்ற மாட்டு வண்டிகள் ஏழு என்றும், அவற்றுள் ஆறு கிடங்கை அடைந்தன என்றும், வண்டிக்காரர் கோலம் பூண்டிருந்த அரிதாஸ் தத் ஏழாம் வண்டியை மலங்கா சந்துப் பக்கம் திருப்பினார் என்றும் புரட்சியாளர் தரப்புச் செய்திகள் கூறும். அனுகூல் சந்திர முகர்ஜி, பிபின் பிகாரி கங்குலி முதலியோர் இத்திட்டத்தோடு தொடர்புடையவர்கள்.

இக்கொள்ளையில் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஒரு பூட்டும் உடைக்கப்படவில்லை. பட்டப்பகலில், முறையான தாள்களோடு, கையொப்பம் இட்டே பெட்டிகள் வெளியேறின. களவு நிகழ்ந்த இடத்தை ஒருவர் காட்ட வேண்டுமானால், இரு பதிவேடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையே காட்ட வேண்டும். சுங்கப் பதிவு 202 என்றது. கிடங்குப் பதிவு 192 என்றது. இரண்டும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபோதுதான் களவு கண்ணுக்குப் புலப்பட்டது. ஓலையோடு ஓலையை ஒப்பிட்ட பழைய நெறி இங்கே மீண்டும் செயற்பட்டது.

எண்களின் பயணம்

மவுசர், செருமனியின் ஓபர்ண்டோர்ப் நகரில் செய்யப்பட்ட தானியங்கிக் கைத்துப்பாக்கி; அளவிற் பெரியது. அதனை வைக்கும் மர உறையையே கைப்பிடியோடு பொருத்தித் தோளில் அணைத்தால், கைத்துப்பாக்கி சிறு நீள்துப்பாக்கியாகிவிடும். நாட்டு வெடிகுண்டுகளையும் எப்படியோ கிட்டிய ஓரிரு சுழல்துப்பாக்கிகளையும் நம்பியிருந்த குழுக்களுக்கு இது பெருஞ்செல்வம்.

ஆயினும் இச்செல்வம் ஒரு நிழலோடு வந்தது. ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வெண்கள் ரோடா நிறுவனத்திடம் பதிவாகி இருந்தன. பெட்டிகள் போய்விட்டன, எண்களின் பட்டியல் போகவில்லை.

அதற்கு முன்னர் நாட்டிற்குள் மறைவாக வந்த ஆயுதங்களை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1909இல் இலண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய இருபது பிரவுனிங் கைத்துப்பாக்கிகள் பெட்டியின் போலி அடித்தட்டில் மறைந்து பம்பாய்க்கு வந்தன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜிய நாட்டுப் பிரவுனிங்கே. இத்தகைய ஆயுதங்கள் இந்திய வணிகர் எவருடைய பதிவேட்டின் வழியாகவும் வந்தவை அல்ல. ஆகவே அவை வந்த வழியை அறிய அரசு மனிதர்களின் வாயை நாட வேண்டியிருந்தது: ஒப்புதல் வாக்குமூலம், அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர் கூற்று, கடிதம். ரோடா துப்பாக்கிகளுக்கு இது வேண்டியதில்லை. துப்பாக்கி அகப்பட்டால் போதும். அதன் எண்ணே அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும்.

ஐம்பதில் 44 துப்பாக்கிகள் சிறிது காலத்திற்குள்ளேயே வங்கத்தின் ஒன்பது வெவ்வேறு புரட்சிக் குழுக்களுக்குப் பகிரப்பட்டன என்று அரசு பின்னர் அறிந்தது. ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிய குழுக்களும் இவ்வாயுதங்களைப் பங்கிட்டுக் கொண்டன. 1915 செப்டம்பர் 9 அன்று பாலாசோர் அருகே ஜதீந்திரநாத் முகர்ஜி என்னும் பாகா ஜதீன் காவற்படையோடு பொருதபோது அவருடைய சிறு குழுவினர் ஏந்தியிருந்தவை மவுசர் கைத்துப்பாக்கிகளே. 1918க்குள் 31 துப்பாக்கிகள் வங்கத்தின் பல பகுதிகளிலிருந்து மீட்கப்பட்டன. எஞ்சியவை பத்தொன்பது.

இரகசிய இயக்கத்தின் முதல் விதி எதையும் எழுதி வைக்காதே என்பது. உறுப்பினர் பட்டியல் இல்லை. ஆயுதக் கணக்கு இல்லை. எழுதியிருந்தாலும் சோதனைக்கு அஞ்சி எரித்தார்கள். இவ்வாறு தம் தடத்தைத் தாமே அழித்துச் சென்றவர்களின் தொடர்புகளை அவர்கள் கையிலிருந்த இரும்பு காட்டிக்கொடுத்தது. ஒரே சரக்கின் அடுத்தடுத்த எண்களில் ஒன்று ஒரு மாவட்டத்திலும் மற்றொன்று வேறு மாவட்டத்திலும் அகப்படுமாயின், இரண்டு இடங்களும் ஒரே ஊற்றிலிருந்து நீர் பெற்றன என்பது தெளிவு. அன்றைய காவலர்க்கு இது துப்பு. இன்றைய வரலாற்று ஆய்வாளர்க்கு இது சான்று. ஒரே பதிவு இருவர்க்கும் பயன்படுகிறது என்பதில் ஒரு கசப்பும் இருக்கின்றது. அந்த எண்களின் வழியே சென்றுதான் இன்று நாம் அம்மனிதர்களை அறிகிறோம். அதே வழியே சென்றுதான் அன்று சிறைக்கதவுகளும் திறந்தன.

கணக்கு வாதமாக மாறியபோது

1917 டிசம்பரில் இந்திய அரசு, புரட்சி இயக்கங்களை ஆராய்ந்து சட்ட ஏற்பாடுகளைப் பரிந்துரைக்க ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் நீதிபதி ரௌலட். உறுப்பினருள் ஒருவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரி. 1918 ஏப்ரலில் அளிக்கப்பட்ட இக்குழுவின் அறிக்கை, ரோடா களவைத் தனியே எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசியது. 202, 192, 50, 46,000, 44, 31 என்னும் எண்கள் யாவும் அங்கே இடம்பெற்றன. பகிரப்பட்ட துப்பாக்கிகள் 54 கொள்ளை, கொலை நிகழ்ச்சிகளிலும் அவற்றிற்கான முயற்சிகளிலும் பயன்பட்டன என்று அவ்வறிக்கை உறுதியாகக் கூறியது. அதனினும் ஒரு படி மேலே சென்று, அந்த ஆகஸ்டுக்குப் பின் வங்கத்தில் நிகழ்ந்த புரட்சிச் செயல்களுள் இத்துப்பாக்கிகள் பயன்படாதவை அரிது என்னும் கருத்தையும் வெளியிட்டது.

இவ்விடத்தில் ஆராய்வோர் விழிப்பாக இருத்தல் வேண்டும். 50 என்பது பதிவேட்டு எண்; அதில் ஐயத்திற்கு இடமில்லை. 31 என்பது மீட்கப்பட்ட பொருளின் எண்ணிக்கை; எண்ணிப் பார்க்கத்தக்கது. 54 என்பதோ அவ்வகையினது அன்று. மீட்கப்படாத துப்பாக்கி ஒன்று இன்ன இடத்தில் சுட்டது என்று கூற எண் உதவாது. விழுந்து கிடந்த தோட்டாக் கூடுகள், ஒற்றர் உரைகள், பிடிபட்டோர் வாக்குமூலங்கள் ஆகியவை கலந்த அனுமானமே அதற்கு அடிப்படையாதல் கூடும். பதிவேட்டிலிருந்து வந்த எண்ணும் அனுமானத்திலிருந்து வந்த எண்ணும் ஒரே வரிசையில், ஒரே உறுதியோடு நிறுத்தப்படும்போது, முன்னதன் மதிப்பைப் பின்னது கடன் வாங்கிக் கொள்கிறது. அரசு அறிக்கைகளைப் படிக்கும் மாணவர் முதலில் பழக வேண்டிய பாடம் இதுவே. எண் ஆயுதத்தை அடையாளம் காட்டும். ஆயுதத்தைப் பிடித்த கையை அது காட்டாது.

அறிக்கை வெறும் ஏட்டுச் சுவடியாக நின்றுவிடவில்லை. அதன் பரிந்துரைகளின் அடிப்படையில் 1919 மார்ச்சில், சட்டமன்றத்தின் இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பையும் மீறி, ரௌலட் சட்டம் நிறைவேறியது. விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைக்க வழிசெய்த அச்சட்டம் பற்றிய செய்தி வந்தபோது காந்தியடிகள் சென்னையில் இராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தார். நாடு முழுவதும் கடையடைப்பும் நோன்பும் நடத்தும் எண்ணம் அங்கேதான் அவர் உள்ளத்தில் உதித்தது. 1919 ஏப்ரல் 6 அன்று நாடெங்கும் கடையடைப்பு. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக். இத்தனைக்கும் ரோடா பதிவேடு ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் அரசு தன் அச்சத்திற்குச் சான்று தேடியபோது, எளிதில் எண்ணிக் காட்டத்தக்கதாக அதன் கையில் கிடைத்தவற்றுள் அந்த ஐம்பது எண்களும் அடங்கும்.

பதிவில் இல்லாதவை

இனி, பதிவேடு சொல்லாதவற்றையும் காண வேண்டும். 46,000 தோட்டாக்களுக்குத் தனித்தனி எண் இல்லை. அவை தொகையாகவே எழுதப்பட்டவை, தொகையாகவே மறைந்தன. துப்பாக்கிக்குத் தடம் உண்டு. அதிலிருந்து புறப்பட்ட குண்டுக்கு இல்லை. அக்குண்டுகளால் வீழ்ந்தோர் யாவரும் வெள்ளையர் அல்லர். வங்கத்தில் அந்த ஆண்டுகளில் புரட்சியாளர் குறிவைத்தோருள் இந்தியக் காவல் அலுவலர்கள் பலர். கொள்ளையிடப்பட்ட செல்வர்களும் இந்தியரே. அவர்கள் வீட்டுத் துயரத்தை எந்த இருப்புக் கணக்கும் எழுதவில்லை. வீரத்தைப் போற்றும் நாம் அதனையும் நினைவிற் கொள்ளுதல் நேர்மையாகும்.

மற்றொன்று, எழுத்தர் சிரீஷ் மித்ராவின் முடிவு. களவு முடிந்தபின் அவர் கல்கத்தாவை விட்டு வடக்கே ரங்கபூர்ப் பகுதிக்குச் சென்று மறைந்திருந்தார் என்பர். அதன்பின் அவரைப் பற்றிய உறுதியான செய்தி எதுவும் இல்லை. அரிதாஸ் தத் பிடிபட்டார், தண்டனை பெற்றார், அவர் வழக்குப் பதிவில் வாழ்கிறார். சிரீஷ் மித்ராவோ நீதிமன்றப் பதிவிலும் இல்லை. சிறைப் பதிவிலும் இல்லை. அவர் விடுவித்துச் சென்ற ஐம்பது துப்பாக்கிகளுள் 31 எங்கே முடிந்தன என்று கூற முடிகிறது. அவர் எங்கே முடிந்தார் என்று கூற முடியவில்லை. இரும்புக்கு எண் இட்ட உலகம் மனிதனைத் தவறவிட்டுவிட்டது.

போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்தது தமிழ் மரபு. வீரனின் வேலை நட்டுக் கேடயத்தைச் சார்த்தி வழிபட்டதையும் சங்கப் பாடல்கள் காட்டும். அங்கே படைக்கலம் வீரனுக்கு அடையாளமாயிற்று. ஆனால் பெயர் வீரனுடையது. கல்கத்தாக் கதையில் இது தலைகீழாயிற்று. படைக்கலத்தின்மேல் எண் பொறிக்கப்பட்டிருந்தது. அதனைக் கொணர்ந்தவனுக்குக் கல் இல்லாமற் போயிற்று.

பதிவேட்டின் இன்றைய பொருள்

1878ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி விடுதலை இந்தியா இயற்றிய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன வேறுபாட்டின் மேல் எழுந்த பழைய அமைப்பு போயிற்று, பதிவேடு போகவில்லை. செய்தவர் பெயரோ எண்ணோ பிற அடையாளக் குறியோ பொறிக்கப்படாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் அதன் 8ஆம் பிரிவு தடுக்கிறது. அக்குறி அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவரிடம் அகப்பட்டால், அழித்தவர் அவரே என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, கொள்ளப்படும். துப்பாக்கியின் எண்ணை அழித்தலை அதன் வரலாற்றை அழித்தலாகவே சட்டம் கருதுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 2016இல் வந்த புதிய ஆயுத விதிகளும் வணிகரின் பதிவேட்டுக் கடமையைத் தொடர்கின்றன.

அடிமை நாட்டில் ஐயத்தின் கருவியாகப் பிறந்த ஒன்று, குடியரசு நாட்டில் குடிமக்களின் உயிர்க்காப்பாக மாறுதல் கூடுமா? கூடும். ஆனால் அம்மாற்றம் ஏட்டின் படிவத்தில் இல்லை. அதனை யார், யாருக்காக, என்ன நோக்கத்தோடு திறக்கின்றனர் என்பதில்தான் இருக்கிறது. அதே பத்திகள், அதே எண்கள் ஒரு காலத்தில் ஒரு மக்களினத்தையே கண்காணித்தன. முறையாகத் திறக்கப்படுமாயின் அவையே, குற்றமற்ற ஒருவர் கொலைப்பழி சுமக்காமல் காக்கவும், களவுபோன துப்பாக்கி மற்றோர் உயிரைக் குடிக்குமுன் அதனைத் தடுக்கவும் உதவும்.

ரோடா நிறுவனத்தில் அந்த ஐம்பது எண்களை எழுதியவர் எவர் என்பதை வரலாறு கூறவில்லை. அவர் தம் கடமையைச் செய்தார். கையெழுத்துத் திருத்தமாக இருந்ததா என்று மட்டுமே கவலை கொண்டிருப்பார். தாம் எழுதியது காவலர்க்குத் துப்பாகவும், நீதிபதிகளுக்கு வாதமாகவும், கொடுஞ்சட்டம் ஒன்றுக்குச் சான்றாகவும், நூற்றாண்டு கடந்த பின்னர் ஆய்வாளர்க்கு மூலமாகவும் ஆகும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். பதிவு செய்வோர் எவர்க்கும் தாம் எழுதுவதன் முழுப்பொருளும் தெரிவதில்லை. அதனால்தான் உண்மையை மட்டும் எழுதுதல் அவர்க்குரிய அறமாகிறது. அந்த அறம் பிழையாது நின்றமையால், எழுதியவரும் இல்லாமல், எடுத்துச் சென்றவரும் இல்லாமல், எழுத்து மட்டும் இன்றும் சான்று கூறி நிற்கிறது.